கரையானுக்கு வழி விடாத அக்கா

யார் வீட்டுக்குப் போனாலும் அக்கா உட்காருவதற்கு முன்னால் கதவு நிலையைத் தட்டிப் பார்ப்பார். விரலை மடக்கி, மேலிருந்து கீழாக, டொக் டொக்கென்று. சாவு வீடாக இருந்தாலும் சரி, சடங்கு வீடாக இருந்தாலும் சரி. ஒருமுறை தன் தம்பிக்குப் பெண் பார்க்கக் கோலா தெர்லாவுக்குப் போன இடத்தில், பெண் தேநீர்த் தட்டோடு வருவதற்குள் நிலையைத் தட்டிவிட்டு, "மாமா, இந்தக் கட்ட உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்ல. பெயிண்டுதான் நிக்குது" என்று சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துப் போனது. "பொண்ணு பாக்க வந்தீங்களா, வீடு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். அக்கா அசரவில்லை. "பொண்ணு நல்லாத்தான் இருக்கு. வீடுதான் சரியில்ல" என்றார். அந்த மனிதர் கோபத்தில் தன் வீட்டு நிலையைத் தானே ஓர் உதை விட்டார். கால் உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு அவரால் சண்டை பிடிக்க முடியவில்லை, கல்யாணம் நடந்தது.

நான் பிரிஞ்சாங்கில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் ஹார்ட்வேர் கடையில் வேலை பார்க்கிறேன். ஆணி, பெயிண்ட், குழாய், பூச்சி மருந்து எல்லாம் விற்போம். அக்கா கடைக்குள் நுழைந்தால் தவுக்கே பின்பக்கம் போய்விடுவார். கரையான் மருந்து கேட்டு யாராவது வந்தால், நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிடுவார். "எங்க ஊத்தப் போற? வீட்டச் சுத்தியா? தண்ணி எங்கேருந்து எடுக்குற? சரி, மழ பேஞ்சா இது எங்க போகும்னு நெனைக்கிற?" வந்தவன் மருந்தை வைத்துவிட்டு ஒரு துடைப்பத்தை வாங்கிக்கொண்டு போவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, நான் பொழைக்க வேணாமா லா?" என்பேன்.

"பொழைச்சிக்கோ. கம்பி வல வித்துப் பொழைச்சிக்கோ. யாரு வேணாங்குறா?" என்பார்.

அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே, தொழிற்சாலைக்குப் பக்கத்து லயத்தில் பிறந்தவர். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஈப்போவில் ஒரு பூச்சி ஒழிப்புக் கம்பெனியில் பல வருஷம் வேலை செய்தார். வீட்டுத் தரையில் வரிசையாகத் துளை போட்டு, அதற்குள் மருந்தை இறக்கி, துளையை அடைத்துவிட்டு வருகிற வேலை. நல்ல பெயர் வாங்கியிருந்தார். திடீரென்று ஒரு நாள் விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பி வந்து, தம்பி வீட்டில் தங்கிக்கொண்டார். ஏன் விட்டார் என்று லயத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நான் நேராகவே கேட்டேன். கடைக்கு வெளியே அடைமழை. ஒதுங்கி நின்றவர், குடையை உதறிக்கொண்டே சொன்னார்.

"மருந்து எறக்குன வீட்டுக்கு மறுபடி போனேன் தம்பி. டிரில் பிட்ட மறந்து வச்சிட்டேன். வீட்டுக்காரங்கள வெளிய இருங்கன்னு சொல்லிட்டு வந்திருந்தேன். அவங்களால எங்க போக முடியும்? அதுக்குள்ள உள்ள வந்து ஒக்காந்துட்டாங்க. கொழந்த தரையில தவுந்துக்கிட்டு, நான் அடச்ச ஓட்டைய நக்குது. என்னையப் பாத்துச் சிரிக்குது." குடையை மடக்கினார். "அளவு சரி. சட்டப்படி எல்லாம் சரி. கொழந்தைக்கி ஒண்ணும் ஆகல. ஆனா மருந்து எறக்குற அந்தக் கை எனக்கு வேணாம்னு ஆயிருச்சி."

அதற்குப் பிறகு அக்கா யாருக்கும் மருந்து ஊற்றவில்லை. "கொல்றது சோம்பேறி வேல தம்பி. இன்னைக்கி கொன்னா நாளைக்கி வேற கூட்டம் வரும், மறுபடி ஊத்தணும். வழிய அடைக்கிறதுதான் வேல" என்பார். இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொன்னார் என்று எண்ணினால் வாய் வலிக்கும். யாரும் கேட்கவில்லை. மருந்து என்றால் ஊற்றிவிட்டுப் போகலாம். அக்கா சொல்கிற வேலைக்கு மண்ணைத் தோண்ட வேண்டும், கல்லைச் சலிக்க வேண்டும், வீட்டைத் தூக்க வேண்டும். அதோடு அக்காவின் ஏச்சையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உள்ளதைச் சொல்கிறேன், அவரோடு பழகுவது சுலபமில்லை. "பரவாயில்லை" என்கிற வார்த்தையே அவர் வாயில் வராது. தெருவில் அவர் எதிரே வந்தால் நானே சில நாள் காய்கறிக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் தோட்டத்தில் அவர்தான். மற்ற எல்லோருக்கும் "சரிங்க துரை" என்று சொல்லிச் சொல்லி நாக்கு அப்படியே படிந்துபோயிருந்தது.

அக்கா இப்போது இல்லை. நோய் வந்து ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தார். பழைய கம்பெனி வேலையால் வந்த நோய் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்ல மாட்டேன். நான் பார்க்கப் போனபோது, கையில் ஊசி குத்தியிருந்த நிலையில், கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த சின்ன அலமாரியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிளாஸ்டிக்குப்பா. தப்பிச்சிருச்சி" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெளியே போய் நின்றுகொண்டேன்.

அவரைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது எங்கள் ஹால் கதையைத்தான்.

மேலே பிரிஞ்சாங் குளிருக்குக் கரையான் அதிகம் வராது. எங்கள் தோட்டம் கீழே, லெம்பா பெர்த்தாம் பக்கம் இறங்குகிற சரிவில் இருக்கிறது. அங்கே வெயிலும் உண்டு, கரையானும் உண்டு. எங்கள் லயத்து வீடுகள் கம்பெனிக்குச் சொந்தம், நிலம் கம்பெனிக்குச் சொந்தம், தேயிலை கம்பெனிக்குச் சொந்தம். ஹால் மட்டும்தான் எங்களுடையது. எங்கள் அப்பாமார் வேலை முடிந்த கையோடு பலகை சுமந்து கட்டியது. கல்யாணம், காது குத்து, கருமாதிச் சாப்பாடு, காலையில் பாலர் வகுப்பு, எல்லாம் அங்கேதான். ஹாலுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு புற்று. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பாலும் முட்டையும் படைத்து நாகம்மன் என்று கும்பிடுகிறோம். ஹாலுக்குக் கீழே, சரிவில், ஓர் ஊற்று. லயம் முழுவதும் குடிக்கிற குழாய்த் தண்ணீர் அதிலிருந்துதான் வருகிறது.

ஹாலின் தூண்களைக் கரையான் பிடித்தது. மழையில் மேட்டிலிருந்து சரிந்து வந்த சேற்றை யாரும் அள்ளாமல், ஹால் பலகையோடு சேர்த்து அணைத்து விட்டிருந்தார்கள். அதில் பாலர் வகுப்பு டீச்சர் செவ்வந்தி வேறு நட்டிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே தூண் மாவாகிக்கொண்டிருந்தது.

துரை வந்து பார்த்தார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ் மனேஜர். பேச்சு மரியாதையாகத்தான் இருக்கும். கம்பெனி கான்ட்ராக்டர் வருவான், புற்றை இடித்து எடுத்துவிட்டு ஹாலைச் சுற்றி மருந்து இறக்குவான், அதற்குச் சம்மதம் இல்லையென்றால் ஹால் ஆபத்தான கட்டடம் என்று இடித்துவிடுவோம் என்றார். இடித்த இடத்தில் தேயிலை பார்க்க வருகிற டூரிஸ்டுகளுக்குக் கார் நிறுத்தலாம் என்பது கம்பெனியின் யோசனை. ஆடித் திருவிழாவுக்கு வருவேன், அதற்குள் முடிவு சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

கமிட்டி கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி. நல்ல மனிதர், இரக்கமுள்ளவர், ஆனால் துரையின் காரைக் கண்டால் உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து நிற்பார். "புத்த மட்டும் விட்டுருங்கன்னு கேட்டுப் பாப்போம். மருந்து ஊத்திக்கிறட்டும். வேற என்னா செய்யிறது?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார். அவர் கமிட்டியில் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. கையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி.

"மருந்து வேணாம். புத்து போக வேணாம். ஹாலும் போக வேணாம்" என்றார்.

தலைவர் சிரித்தார். "ஏம்மா, எல்லாம் வேணாம்னா எப்பிடி? அந்தப் புத்துலேருந்துதானே ஹாலுக்கு வருது?"

"யாரு சொன்னா மாமா? புத்துல இருக்குறது எலதழ திங்கிற ரகம். நம்ம ஹாலத் திங்கிறது வேற ரகம், அது கண்ணுக்குத் தெரியாம மண்ணுக்கு அடியில இருக்கு. கான்ட்ராக்டருக்கு எல்லாம் ஒண்ணுதான். நமக்கு அப்பிடி இல்ல. அம்மன் அங்கயே இருக்கட்டும். நம்ம தண்ணியில வெஷத்த எறக்க நான் விட மாட்டேன்."

ஜாடியை மேசையில் வைத்தார். ஒரு பக்கம் மண்ணும் கரையானும். மறுபக்கம் பலகைத் துண்டு. நடுவில் உடைத்த சிறு கல் அடைத்திருந்தது. கரையான் கல் வரை வந்து, முட்டி, திரும்பி, பக்கவாட்டில் அலைந்துகொண்டிருந்தது. பலகை சுத்தமாக இருந்தது. "இந்தக் கல்லு அது வாயால இழுக்க முடியாத பெருசு. தல நொழைய முடியாத நெருக்கம். அவ்ளோதான் சூட்சுமம்" என்றார். முதலில் ஆற்றுக் கல்லைப் போட்டுப் பார்த்தாராம். உருண்டைக் கல் நகர்ந்து வழிவிட்டதில் கரையான் புகுந்து பலகையைத் தின்றுவிட்டதாம். "என் அறிவு எங்க போச்சுன்னு என்னையே ஏசிக்கிட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அக்கா தன்னைத் தானே ஏசுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆடி வரைக்கும் அக்கா சொன்னபடி செய்து பார்ப்போம் என்று தலைவர் ஒத்துக்கொண்டார். வேலை ஆரம்பித்தது. ஆண்கள் லோரி ஜாக்கி வைத்துத் தூண்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். அழுகியதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கட்டையை நட்டார்கள். ஒவ்வொரு தூணுக்கும் கீழே சிமெண்டுக் கட்டை, அதன் தலையில் ஓரம் கீழ்ப்பக்கம் மடங்கிய தகரத் தொப்பி. அணைத்திருந்த சேற்றை அள்ளிவிட்டு, ஹாலைச் சுற்றிப் பள்ளம் எடுத்து, பெண்கள் சலித்துக் கொடுத்த உடைகல்லைக் கெட்டியாக நிரப்பினோம். தரையில் குழாய் நுழைகிற இடத்திலெல்லாம் துருப்பிடிக்காத நெருக்கமான கம்பி வலையைச் சுற்றிக் கட்டினார் அக்கா. செவ்வந்திச் செடிகள் ரோட்டோரத்துக்குப் போயின. டீச்சர் அழாத குறை. "டீச்சர், பூவு வேணுமா, புள்ளைங்க தலைக்கி மேல கூர வேணுமா?" என்று கேட்டதில் அவர் அக்காவோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

வேலை முடிந்ததும் அக்கா ஈப்போவுக்குப் போனார். தம்பி மனைவிக்கு, அந்தக் கோலா தெர்லா பெண்ணுக்குத்தான், அங்கே பிரசவம். திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

அந்த இடைவெளியில்தான் தலைவர் அந்தக் காரியத்தைச் செய்தார். ஆடித் திருவிழாவில் பெண்கள் பால்குடம் எடுத்துக்கொண்டு ஹாலின் பின்படியில் இறங்கிப் புற்றுக்குப் போக வேண்டும். வெறுங்காலோடுதான் போவார்கள். நடுவில் அக்காவின் உடைகல். ஒவ்வொன்றும் ஊசியாகக் குத்தும். தலையில் பால் குடத்தோடு அதில் எப்படி நடப்பார்கள் என்று தலைவருக்கு மனசு கேட்கவில்லை. தன் கைக்காசில் சிமெண்ட் வாங்கி, புற்றடியிலிருந்து ஹால் படி வரைக்கும், கல்லை மூடி, சுவரோடு சேர்த்து வழுவழுவென்று ஒரு பாதை போட்டார். இரண்டு ஓரமும் மஞ்சள் பெயிண்ட். எல்லோரும் அவரைப் பாராட்டினோம். இரக்கத்தில் போட்ட பாதையில் தப்பிருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

திருவிழா அன்று காலை உறுமி மேளம் தொடங்கிவிட்டது. பால்குடங்கள் ஹாலுக்குள் வரிசையாக இருந்தன. துரை வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தவருக்குத் தலைவர் ரோஜா மாலை போட்டு, துண்டு போர்த்தி, கல்லையும் வலையையும் காட்டிக்கொண்டே புற்றுப் பக்கம் அழைத்துப் போனார். அந்த நேரத்தில் அக்கா பையும் கையுமாக பஸ்ஸிலிருந்து நேராக வந்து சேர்ந்தார். சிமெண்ட் பாதையைப் பார்த்தார். குனிந்து, அது சுவரைத் தொடுகிற இடத்தை விரலால் தடவினார். பந்தல்காரர்களின் கடப்பாரை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்தார், ஓங்கினார், பாதையில் ஒரு குத்து.

மேளம் நின்றது.

"ஏய், என்னா செய்யிற? அம்மன் வழியடி அது!" என்று தலைவர் ஓடி வந்தார்.

"அம்மனுக்கு வழி எதுக்கு மாமா? அவ எப்பிடி வேணும்னாலும் வருவா. இது மண்ணுக்கு அடியில இருக்குற கரையானுக்கு நீங்க போட்ட வழி."

இரண்டாவது குத்தில் சிமெண்ட் பிளந்தது. அக்கா ஒரு துண்டைப் புரட்டிப் போட்டார். அடியில் பழுப்பு நிறத்தில் மண் குழாய்கள், நரம்பு ஓடுவதைப் போல, ஹாலை நோக்கி. உடைந்த இடத்தில் கரையான் வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. மண் குழாய் நேராகத் தூண் வரை போய், சிமெண்டுக் கட்டையில் ஏறி, தகரத் தொப்பியைத் தொட்டிருந்தது. யாரிடமிருந்து இதை மறைக்க வேண்டுமோ, அந்தத் துரை பக்கத்திலேயே மாலையோடு நின்றுகொண்டிருந்தார். ஹால் போய்விட்டது என்றே நினைத்தேன். அக்கா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. துரை போன பிறகு உடைத்திருக்கக் கூடாதா?

துரை குனிந்து பார்த்தார். "நான் அப்பவே மருந்து போடச் சொன்னேன்ல? கல்லாவது வலையாவது. நாளைக்கே கான்ட்ராக்டர் லோரி வரும்" என்றார்.

அக்கா பையிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்து அவரிடம் நீட்டினார். "கட்டையக் குத்திப் பாருங்க துரை."

துரை தூணைக் குத்தினார். இறங்கவில்லை. அடுத்த தூண், அதற்கடுத்த தூண். எதிலும் இறங்கவில்லை.

"தகரத்துகிட்ட வந்து நின்னுருச்சி பாத்தீங்களா? மேல ஏறணும்னா அந்த ஓரத்தச் சுத்தி வெளிய வரணும். வெளிய வந்தா நம்ம கண்ணுல படும். தொடச்சி எறிஞ்சிரலாம். கல்லுக்கு மேல, சிமெண்டுக்கு அடியில, மறைஞ்சி வந்திருக்கு. சிமெண்ட் ஊத்தாம இருந்திருந்தா இதுவரைக்கும்கூட வந்திருக்காது. இதுக்கு எதுக்கு வெஷம்?"

"கான்ட்ராக்டர் அஞ்சு வருஷத்துக்கு கேரண்டி குடுக்குறான். நீங்க என்ன குடுப்பீங்க?"

"நீங்க மாத்தலாகிப் போயிருவீங்க. நான் செத்துருவேன். கல்லு மக்குமா துரை?"

"கல்லு மக்காது. சரி. இப்ப ஒருத்தர் சிமெண்ட் ஊத்துனாரு. அடுத்த வருஷம் இன்னொருத்தர் மண்ணக் கொட்டுவாரு, செடி நடுவாரு. நீங்க இல்லாதப்ப இதுக்கெல்லாம் யார் பொறுப்பு?"

கரையானை மறிக்க அக்காவுக்குத் தெரியும். எங்களை மறிக்க என்ன இருக்கிறது? கடப்பாரையைத் தரையில் ஊன்றினார். எங்களைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் எங்கள் பழக்கப்படி தரையைப் பார்த்தோம்.

தலைவர் முன்னால் வந்தார். அக்காவின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். பறித்துத் தூரப் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் போட்ட பாதையில், மஞ்சள் பெயிண்டின் மேலேயே ஓங்கிக் குத்தினார். வயதான உடம்பு, மூச்சு வாங்கியது. மறுபடி குத்தினார். சுவரை ஒட்டியிருந்த சிமெண்ட் முழுவதும் பெயர்ந்து, கீழே கல் தெரிகிற வரைக்கும் குத்தினார். பிறகு துரையைப் பார்த்தார்.

"நாங்க பொறுப்பு. மருந்து வேணாங்க துரை."

"யோசிச்சுச் சொல்லுங்க. ஆபீஸ்ல நான் என்ன சொல்றது?"

"இது எங்க ஹாலு. வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க."

அதற்குள் பாலர் வகுப்பு டீச்சர், செவ்வந்திக்காக அக்காவோடு பேச்சை விட்டவர், குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு படியில் இறங்கி உடைகல்லில் வெறுங்காலை வைத்தார். முகம் சுருங்கியது. அடுத்த காலையும் வைத்தார். "ஓம் சக்தி" என்று யாரோ குரல் கொடுக்க, பின்னாலேயே மற்ற பெண்களும் இறங்கினார்கள். உறுமி திரும்ப எழுந்தது. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கல்லக் கலைக்காம நடங்கடி!" என்று கத்தினார்.

துரையின் சப்பாத்து வாசலில் இருந்தது. அதற்குப் போகவும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்தார். யாரும் தாங்கிப் பிடிக்க ஓடவில்லை.

தூண்கள் உறுதியாக இருந்ததை அவரே குத்திப் பார்த்துவிட்டதால், ஆபத்தான கட்டடம் என்று ஹாலை இடிக்க அவரால் முடியவில்லை. அவர் மாத்தலாகிப் போய், இன்னொருவர் வந்து, அவரும் போய்விட்டார். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் மருந்தைப் பற்றிக் கேட்கிறார்கள். இப்போது பதில் சொல்ல எங்களில் யாரும் தலைவரைத் தேடுவதில்லை, எதிரே நிற்கிறவரே சொல்லிவிடுகிறார். மருந்து லோரி இன்றுவரைக்கும் எங்கள் மேட்டில் ஏறவில்லை. ஏற விடவும் மாட்டோம்.